ஹைபிரிட் தக்காளி, குச்சிக்கிழங்கு, காபி நாத்து: உங்க கேள்விக்கு என் பதில்

வணக்கம்ங்க. விதை, ரகம், ஒட்டு பத்தி என்ன சந்தேகம்னாலும் கேளுங்கன்னு போன வாரம் சொல்லியிருந்தேன், நிறைய வந்திருக்கு. 22 வருஷம் புது ரகம் உருவாக்கற வயல்ல வேலை பாத்தேன், இப்ப வாழப்பாடி பக்கம் சொந்தமா 2 ஏக்கர் பண்றேன். ஒண்ணொண்ணா வரேன்.

ஓமலூர் தம்பி: அண்ணா, போன வருஷம் ஹைபிரிட் தக்காளி நல்லா காய்ச்சுது, அதுலயே விதை எடுத்து நாத்து விட்டேன். இப்ப ஒண்ணு உருண்டை ஒண்ணு நீட்டம், சிலது காய்க்கவே இல்ல. விதை கெட்டு போச்சா?

விதை கெடல தம்பி. நீங்க கடையில வாங்குனது முதல் தலைமுறை, எஃப்1னு சொல்லுவாங்க. அப்பா வரிசை ஒண்ணு அம்மா வரிசை ஒண்ணு, ரெண்டையும் பல தலைமுறை சுத்தமா வச்சிருந்து கடைசில கலந்து எடுத்த விதை, அதனால தோட்டம் முழுக்க ஒரே மாதிரி நிக்கும். அந்த செடி தன் மகரந்தத்துலயே விதை வச்சா அப்பாகிட்ட வந்ததும் அம்மாகிட்ட வந்ததும் பிரிஞ்சு பிரிஞ்சு வேற வேற மாதிரி சேரும். மெண்டல் 1860-கள்ல பட்டாணில பாத்தது இதத்தான். நெட்டையும் குட்டையும் கலந்தாரு, முதல் தலைமுறை எல்லாமே நெட்டை, அதோட விதைய போட்டா 787 நெட்டை 277 குட்டை, கிட்டத்தட்ட 3-க்கு 1. அது ஒரே ஒரு குணம், உங்க தக்காளில வடிவம், தோல், காய்ப்பு, நோய் தாங்கறதுன்னு எத்தனையோ குணம் ஒரே சமயத்துல பிரியுது.

ஆனா புடுங்கி எறிஞ்சுடாதீங்க. அதுல நல்லா இருக்கற நாலு செடிக்கு துணி கட்டி, ஒவ்வொரு செடி விதையையும் தனித்தனி கவர்ல எடுத்து வைங்க. தக்காளி தன்னாலயே மகரந்தம் சேர்ற பயிர், ஒவ்வொரு தலைமுறைக்கும் கலப்பு பாதி பாதியா குறையும், 6 தலைமுறை தாண்டினா 2 சதவீதத்துக்கும் கம்மி. அப்பறம் அது உங்க சொந்த ரகம். 2001-ல வந்த பயிர் ரகப் பாதுகாப்பு, விவசாயி உரிமை சட்டப்படி விவசாயி தன் விதைய எடுத்து வைக்கலாம், போடலாம், மாத்திக்கலாம், விக்கவும் செய்யலாம், பிராண்டு பேர் ஒட்டி விக்கத்தான் கூடாது.

கெங்கவல்லி அக்கா: அப்ப எங்க குச்சிக்கிழங்கு (மரவள்ளி) ரகம் ஹெச்-226-ம் ஹைபிரிட்னுதானே சொல்றாங்க, எங்க மாமனார் காலத்துல இருந்து அதே குச்சிய வெட்டி நடறோம், அது ஏன் மாறல?

அக்கா, இவ்வளவு கேள்வில எனக்கு ரொம்ப புடிச்சது உங்களுதுதான். திருவனந்தபுரம் கிழங்கு ஆராய்ச்சி நிலையம் 1971-ல விட்ட ரகம் அது, கலப்பு பண்ணி வந்ததேதான். ஆனா நீங்க விதை போடல, குச்சி நடறீங்க. குச்சில அப்பா அம்மா பிரியற வேலையே கிடையாது, தாய்ச்செடில என்ன இருந்துச்சோ அப்படியே அச்சு அசலா வரும். அதனாலதான் ஒரு தடவ கெடச்ச ஹைபிரிட் வீரியம் 50 வருஷம் தாண்டியும் சேகோ (ஜவ்வரிசி) ஆலைக்கு லோடு போயிட்டே இருக்கு. கரும்பு, மஞ்சள், வாழை எல்லாம் இந்த வழிதான். புது ரகம் தேடறப்ப மட்டும் பூவுல கலந்து விதை எடுப்பாங்க, அந்த ஆயிரக்கணக்கான விதை நாத்துல மகசூலும் பாயிண்ட்டும் (மாவுச்சத்து அளவு) நல்லா நிக்கற ஒண்ணு ரெண்ட புடிச்சு, அப்பறம் குச்சியாவே பெருக்குவாங்க.

இதுல ஒரு ஆபத்தும் இருக்கு. குணம் மாறாம வர்ற மாதிரியே நோயும் மாறாம வரும். நான் சொந்தமா பண்ண ஆரம்பிச்ச முதல் வருஷம் ஒரு வியாபாரிகிட்ட குச்சி கட்டு கட்டா வாங்கி நட்டேன், ரெண்டாவது மாசம் பாத்தா இலையெல்லாம் மஞ்சளும் பச்சையும் திட்டு திட்டா சுருங்கி முறுக்கிகிட்டு நிக்குது, தேமல் நோய். அந்த வருஷ கிழங்க நெனச்சா இன்னும் வயிறு எரியுது. வெள்ளை ஈ பரப்பும்கறது உண்மைதான், ஆனா வயல் முழுக்க ஒரே சமயத்துல வந்துச்சுன்னா அது குச்சியோட வந்தது. கிழங்கு புடுங்கறப்ப இலை உதுந்து கெடக்கும், எது சுத்தம்னு தெரியாது. இலை பசேல்னு இருக்கறப்பவே நல்ல செடிக்கு ரிப்பன் கட்டிருங்க, அதுல மட்டும் குச்சி எடுங்க. நைஜீரியால இருந்து வந்த தேமல் தாங்கற ரகத்த நம்ம ஊர்ல ஸ்ரீ பத்மநாபான்னு விட்டாங்க. புதுசு வேணும்னா ஏத்தாப்பூர் மரவள்ளி ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்துல நேரா போய் கேளுங்க.

ஏற்காடு, சின்ன காபி தோட்டம்: 795 ரக காபி பழத்துல விதை எடுத்து நானே நாத்து விடலாமா? காவேரி ரகம் வச்ச இடத்துலயும் இப்ப இலைத்துரு நோய் விழுதே, ஏன்?

தாராளமா விடலாம்ங்க. 795 அராபிகா காபி, அராபிகா பெரும்பாலும் தன் மகரந்தத்துலயே காய் புடிக்கும், அதனால விதை நாத்து தாய் மாதிரியே வரும். இன்னொரு காபி இனமான ரொபஸ்டா அப்படி இல்ல, அதுக்கு வேற செடி மகரந்தம் வேணும், விதை நாத்து கலப்படமாத்தான் நிக்கும். நல்ல மரம்னா ஒட்டோ பதியனோதான் வழி.

துரு கதை பழசு. 1869-ல இலங்கைல கண்டாங்க, அந்த ஊர் காபித் தோட்டமெல்லாம் தேயிலையா மாறுனதுக்கு இதுதான் பெரிய காரணம். 1820-கள்ல சேலம் கலெக்டர் காக்பர்ன் நம்ம மலைக்கு காபி கொண்டு வந்தாருன்னு சொல்லுவாங்க, அப்ப இந்த பயம் இல்ல. 795-க்கு துரு எதிர்ப்பு லைபீரிகாங்கற வேற காபி இனம் வழியா வந்துச்சு. காவேரிக்கு டிமோர் தீவுல தானாவே நடந்த அராபிகா ரொபஸ்டா கலப்புல இருந்து வந்துச்சு, அராபிகாக்கு 44 குரோமோசோம் ரொபஸ்டாக்கு 22, அப்படி ஒரு கலப்பு அமைஞ்சதே அபூர்வம். ஆனா துரு பூஞ்சையும் சும்மா இருக்காது, அதுலயும் புது இனம் உருவாகும், பழைய பூட்டுக்கு புது சாவி போட்டு உள்ள வந்துரும். உங்க செடி கெட்டு போகல, பூஞ்சை மாறிருச்சு. நெழல சரி பண்ணி கவாத்து பண்ணி போர்டோ கலவை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த பூஞ்சை மருந்து) அடிக்கறத ரகத்த நம்பி விட்டுறாதீங்க.

அயோத்தியாபட்டணம்: மல்கோவா கொட்டை போட்டு 8 வருஷம் வளத்தேன், காய் நாரும் புளிப்புமா இருக்கு.

மல்கோவா கொட்டைக்குள்ள ஒரே கரு, அது பூவுல கலந்த பிள்ளை, தாய் மாதிரி வராது. மரத்த வெட்டாதீங்க, வேர் நல்லா ஓடியிருக்கும், கிளைய வெட்டி துளிர் விட்டதும் நல்ல மல்கோவா குச்சி வச்சு ஒட்டு கட்டுங்க.

ஒரு அக்கா: ஜி9 திசு வாழை மரபணு மாத்துனதா?

இல்லைங்க. தாய்வாழை குருத்த லேப்ல பெருக்குனது, அவ்வளவுதான்.

ஆத்தூர், அக்ரி படிக்கற பொண்ணு: வீட்லயே கலப்பு பண்ணி பாக்கணும்னா எந்த செடி அண்ணா?

வெண்டை போடு கண்ணு, பூ பெருசு, கை பழகும். பச்சை வெண்டை அம்மா, சிவப்பு வெண்டை அப்பா. நாளைக்கு விரியப் போற மொட்டு இன்னிக்கு சாயங்காலம் உப்பி நுனில மஞ்சள் எட்டிப் பாக்கும், அதத்தான் எடுக்கணும். நகத்தால சுத்தியும் கீறி இதழ உரிச்சா நடுவுல ஒரு தூண், அதச் சுத்தி மஞ்சப் பொட்டு பொட்டா மகரந்தப்பை, ஒண்ணு விடாம இடுக்கில புடுங்கிரு. உச்சில வெல்வெட் மாதிரி கருஞ்சிவப்பா நிக்கறது சூல்முடி, மகரந்தம் ஒட்டற இடம், அது மேல கை படக்கூடாது. பட்டர் பேப்பர் கவர் மாட்டி கட்டு. அப்பா பூவோட மொட்டு நுனியையும் அன்னைக்கே நூல்ல கட்டிரு, இல்லனா தேனீ வேற மகரந்தத்த கொண்டாந்து வச்சிரும். மறுநாள் 8 மணிலருந்து 10 மணிக்குள்ள அத புடுங்கி சூல்முடில தடவி திரும்ப கவர் போடு. தேதியும் அப்பா அம்மா பேரும் பென்சில்ல எழுதி கட்டு, பேனா மை மழைல கரைஞ்சிரும்.

காய் பச்சையாவே வரும், அத பாத்து தோத்துட்டோம்னு அழாத, காயோட சதை அம்மாவுது, கலப்பு விதைக்குள்ள இருக்கு. முத்துன விதைய போட்டு தண்டுல சிவப்பு சாயல் தெரிஞ்சா நீ தடவுன மகரந்தம் புடிச்சிருக்கு. வெறும் பச்சைன்னா எங்கயோ ஒரு மகரந்தப்பை மிச்சம் விட்டிருக்க, அடுத்த மொட்டுல பொறுமையா பண்ணு.