‘உள்ளூர் முதியவர் ஒருவர்’

அன்புள்ள ஐயா,

வேலூரில் ஒரு கல்லூரியில் வரலாற்றுத் துறையில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். குடியாத்தம் வட்டத்து ஏரிப் பாசனம் என் தலைப்பு. ஆய்வேட்டைப் பிறர் எழுத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் மென்பொருளில் போட்டதில் 38 விழுக்காடு ஒற்றுமை என்று வந்துவிட்டது. பெரும்பாலும் இரண்டாம் இயல்தான். 10க்குள் கொண்டுவரச் சொல்கிறார்கள். ‘வரிக்கு நாலு சொல்லை மாற்று, தானாகக் குறையும்’ என்கிறார்கள் தோழிகள். காசு கொடுத்தால் மாற்றித் தரவும் ஆள் இருக்கிறதாம். நான் யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை. புத்தகத்தில் இருப்பதைவிட நன்றாக என்னால் எழுத முடியாது என்றுதான் அப்படியே எழுதினேன். வரிக்கு வரி அடிக்குறிப்பு போட்டால் சொந்தச் சரக்கு ஒன்றும் இல்லை என்று நினைக்க மாட்டார்களா? மேற்கோள் முறைகளில் எது சிறந்தது? இன்னொன்று. நெல்லூர்ப்பேட்டை ஏரியைப் பற்றி ஒரு பாட்டி நிறையச் சொன்னார். எழுதப் படிக்கத் தெரியாதவர். அவர் சொன்னதற்கும் மேற்கோள் காட்ட வேண்டுமா?

பெயர் வேண்டாம்,
குடியாத்தம்

வணக்கம் அம்மா,

உங்கள் கடைசிக் கேள்வி மட்டும் இல்லையென்றால் இரண்டு வரியில் பதில் போட்டிருப்பேன். அந்தக் கேள்வியைத்தான் கொஞ்ச நாளாக வேறொரு காரணத்துக்காக நான் மனசில் போட்டுப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். அதற்கு வருகிறேன். முதலில் உங்கள் பயத்தைப் போக்கிவிடுகிறேன்.

பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் கொண்டுவந்த விதிப்படி ஒற்றுமை 10 விழுக்காடு வரை இருந்தால் தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை என்றால் திருத்திக் கொடுக்கச் சொல்வார்கள், ஆறு மாதத்துக்கு மிகாத கெடுவுக்குள். 40ஐத் தாண்டினால் ஓராண்டுக்குத் திருத்திக் கொடுக்கவும் முடியாது. 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து. நீங்கள் 38இல் நிற்கிறீர்கள். திருத்த வழி இருக்கிறது. மூலத்தைச் சொல்லி எடுத்துக்காட்டிய பகுதிகள், துணைநூற்பட்டியல், உள்ளடக்கம், முன்னுரை, நன்றியுரை எல்லாம் அந்தக் கணக்கில் சேரக்கூடாது என்று அதே விதி சொல்கிறது. அவற்றையும் சேர்த்துத்தான் 38 வந்ததா என்று நூலகத்தில் கேளுங்கள்.

மேற்கோள் முறை எது சிறந்தது என்பதெல்லாம் ஒரு கேள்வியே இல்லை. உங்கள் துறை எதைக் கேட்கிறதோ அதைப் போடுங்கள், முதல் பக்கம் முதல் கடைசிப் பக்கம் வரை ஒரே மாதிரி போடுங்கள். காசு கொடுத்து மாற்றித் தருகிறவர்களைப் பற்றி நான் பேசப் போவதில்லை. அந்தக் கதவைத் தட்டாதீர்கள், அவ்வளவுதான்.

சரி, நாலு சொல்லை மாற்றுகிற கதைக்கு வருவோம். உங்கள் தோழிகள் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் அவர்கள் சொல்வது திருட்டை மறைக்கிற வழி. ஒரு புத்தகத்தில் இப்படி ஒரு வரி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்: ‘பாலாற்றில் ஆண்டின் பெரும்பகுதி நீர் ஓடுவதில்லை, ஆயினும் மணலுக்கடியில் ஊறும் நீரை ஊற்றுக்கால் வெட்டி வயலுக்குக் கொண்டுவந்தனர்.’ உங்கள் தோழி இதை இப்படி மாற்றுவார்: ‘பாலாற்றில் வருடத்தின் பெரும்பாலான நாட்கள் தண்ணீர் பாய்வதில்லை, இருப்பினும் மணலுக்குக் கீழே சுரக்கும் தண்ணீரை ஊற்றுக்கால் தோண்டிக் கழனிக்குக் கொண்டுசென்றனர்.’ பத்துப் பதினோரு சொல் மாறிவிட்டது. மென்பொருள் விட்டுவிடலாம். ஆனால் எது முதலில் வர வேண்டும், எதற்குப் பின் எது, எந்த இடத்தில் ‘ஆயினும்’ என்று திரும்ப வேண்டும், இதையெல்லாம் யோசித்தவர் அந்த ஆசிரியர். அந்த யோசனை முழுசாக அவருடையதாகவே கிடக்கிறது. சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வந்தால் அது நம் சட்டை ஆகிவிடாது.

அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படியுங்கள். புத்தகத்தை மூடுங்கள். மூடுங்கள் என்றால் வேறு அறையில் வைத்துவிட்டு வாருங்கள். ஏரி என்றால் என்னவென்று தெரிந்த, ஆனால் அந்தப் புத்தகத்தைப் படிக்காத ஒருவரிடம், உங்கள் அம்மாவிடமே கூட, அதில் என்ன இருக்கிறது என்று வாயால் சொல்லுங்கள். அவர் குறுக்கே கேள்வி கேட்பார். அப்புறம் உட்கார்ந்து எழுதுங்கள். எழுதி முடித்த பிறகு புத்தகத்தைத் திறந்து இரண்டு விஷயம் பாருங்கள்: அவர் சொன்னதை நீங்கள் தப்பாகச் சொல்லியிருக்கிறீர்களா, அவருடைய சொற்றொடர் எங்காவது அப்படியே ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறதா. ஒட்டியிருந்தால் மேற்கோள் குறிக்குள் வையுங்கள். கடைசியில் பெயர், ஆண்டு, பக்கம். சொல் முழுக்க உங்களுடையதாக இருந்தாலும் கருத்து அவருடையது, அதனால் குறிப்பு கட்டாயம். நிறைய பேர் இங்கேதான் சறுக்குகிறார்கள். சொந்த நடையில் எழுதியாகிவிட்டது, இனிக் குறிப்பு எதற்கு என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

அப்படி எழுதினால் மேலே சொன்ன வரி என்ன ஆகும்? ‘மேலே வறண்டு கிடந்த ஆற்றிலிருந்தும் பாசனம் நடந்ததற்கு ஊற்றுக்கால்களே காரணம் என்கிறார் இன்னார். ஆனால் வெள்ளம் வந்து போனதும் ஊற்றுக்கால் மணலில் தூர்ந்துவிடும், திரும்ப வெட்ட வேண்டும். வெட்டியவர்கள் யார், அவர்களுக்குக் கூலி கொடுத்தது யார் என்பதை அவர் சொல்லவில்லை.’ பாருங்கள், இரண்டாம் வாக்கியத்திலேயே நீங்கள் வந்துவிட்டீர்கள். புத்தகத்தில் இருப்பதைவிட நன்றாக எழுத முடியாது என்கிறீர்களே, அது எனக்குக் கோபத்தைத் தருகிறது. நன்றாக எழுதச் சொல்லி யாரும் உங்களைக் கேட்கவில்லை. குடியாத்தத்தில் பிறந்து, மோர்தானா அணை நிறைந்தால் கௌண்டன்ய ஆற்றில் தண்ணீர் வருமா என்று வருஷா வருஷம் பார்த்து வளர்ந்த பெண்ணுக்கு அந்தப் புத்தகத்தைப் படிக்கும்போது என்ன கேள்வி வந்தது என்றுதான் கேட்கிறார்கள். அதை எழுதாமல் அவருடைய பத்தியை எடுத்து ஒட்டினால் உங்களை நீங்களே வாயடைத்துக்கொள்கிறீர்கள்.

ஒட்டுவதால் வரும் கேடு அத்தோடு நிற்பதில்லை. சமீபத்தில் எங்கள் பக்கத்து ஏரிகளைப் பற்றி ஒரு கட்டுரைக்காக இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைச் சேர்த்து வைத்திருக்கும் ஷோத்கங்கா தளத்தில் சில ஆய்வேடுகளைப் படித்தேன். வெவ்வேறு ஆட்கள், வெவ்வேறு கல்லூரிகள், ஆனால் ஏரிகளின் எண்ணிக்கையைச் சொல்லும் பத்தி மட்டும் எல்லாவற்றிலும் ஒன்றே. ‘இம்மாவட்டத்தில்’ என்று தொடங்குகிறது. எந்த மாவட்டம் அம்மா? அந்தப் பத்தியின் மூலம் வட ஆற்காடு மாவட்டக் கையேடு. 1881இல் காக்ஸ் தொகுத்தது, பிறகு ஸ்டூவர்ட் திருத்தி 1890களில் மறுபடி வந்தது. அன்றைய வட ஆற்காட்டுக்குச் சித்தூர்தான் தலைநகர். திருப்பதியும் சந்திரகிரியும் காளஹஸ்தியும் அதற்குள் இருந்தன. 1911இல் சித்தூர் தனியாகப் போனது. 1989இல் திருவண்ணாமலை பிரிந்தது. 2019இல் இராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. எங்கள் காவேரிப்பாக்கம் பக்கத்துக்காரர்கள் இருந்த இடத்தைவிட்டு நகராமலே வட ஆற்காடு, வேலூர், இராணிப்பேட்டை என்று மாவட்டம் மாறிக்கொண்டிருக்கிறோம். திருப்பதி வரை எண்ணிய ஏரிக் கணக்கை இன்றைய வேலூர் மாவட்டத்தின் தலையில் கட்டியிருக்கிறார்கள் இவர்கள். காக்ஸ், இன்ன பதிப்பு, இன்ன பக்கம் என்று முதல் ஆள் போட்டிருந்தால் இரண்டாவது ஆளாவது எடுத்துப் பார்த்திருப்பார்.

இதிலேயே இன்னொரு கொடுமை. காக்ஸைப் படித்த ஒருவரைப் படித்துவிட்டு, தானே காக்ஸைப் படித்ததுபோல அடிக்குறிப்பு போடுவது. யார் வழியாகப் படித்தீர்களோ அவரைச் சொல்லுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இனி அந்தப் பாட்டி.

என் பெரியப்பா நீர்க்கட்டி. எங்கள் ஊரில் அந்த வேலை சேரிக்காரர்களுடையது. எந்த மதகை எந்த நாளில் திறப்பது, யாருடைய கழனிக்கு எத்தனை நாழிகை, கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேர்ந்ததா, எல்லாம் அவர் பொறுப்பு. ஊருக்கே தண்ணீர் பங்கிட்டவருக்கு அந்த ஏரியின் கீழ் ஒரு குழி நிலம் கிடையாது. அறுப்புக் காலத்தில் களத்தில் மரக்கால் கணக்கில் நெல் அளப்பார்கள், அதுதான் கூலி. ஏரி நிரம்பிக் கோடி வழியாக உபரித் தண்ணீர் போகிற நாளில் ராத்திரி முழுக்க கரையிலேயே நடந்துகொண்டிருப்பார். நண்டு வளை வழியாகக் கரைக்கு வெளியே நீர் கசிவது வழக்கம். அதில் எது ஆபத்து, எது இல்லை என்று எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். ‘தண்ணி தெளிவா வந்துக்கினு இருந்தா பயம் இல்ல. கலங்கிச்சின்னா மண்ணத் தின்னுதுன்னு அர்த்தம். ஊர எழுப்பு.’ அணை கட்டுகிற பொறியாளர்கள் இன்றைக்கும் கசிவு நீர் கலங்குகிறதா என்றுதான் முதலில் பார்க்கிறார்கள்.

ஒரு கோடைக்காலத்தில் ஒரு ஆய்வாளர் வந்து தங்கி இதையெல்லாம் அவரிடம் கேட்டு எழுதிக்கொண்டு போனார். பெரியப்பா அவரைக் கரை முழுக்க நடத்திக் காட்டினார். வீட்டில் சோறு போட்டோம். சில வருஷம் கழித்துப் புத்தகம் வந்தது. நண்டு வளை இருந்தது, கலங்கல் நீர் இருந்தது, மதகு திறக்கும் முறை இருந்தது. ‘எனது கள ஆய்வில் கண்டறிந்தவை’ என்ற தலைப்பில் இருந்தன. ஒரே ஒரு இடத்தில் ‘உள்ளூர் முதியவர் ஒருவர்’ என்று வருகிறது. அதே பக்கத்தின் அடியில் ஒரு வெள்ளைக்காரக் கலெக்டருக்கு முழுப்பெயர், பதவி, ஆண்டு, பக்க எண் எல்லாம் உண்டு. கலெக்டர் அந்தக் கரையில் ஒரு ராத்திரியும் நின்றிருக்க மாட்டார். என் பெரியம்மா மகள் அப்போது பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். அப்பா பெயர் எங்கே என்று பக்கம் பக்கமாகத் தேடினாள்.

இதை நான் மன்னிக்கவில்லை. புத்தகத்திலிருந்து திருடினால் கண்டுபிடிக்க மென்பொருள் வைத்திருக்கிறோம், விதி வைத்திருக்கிறோம், குழு வைத்திருக்கிறோம். மனிதர்களின் வாயிலிருந்து திருடினால் எந்த மென்பொருளும் ஒரு விழுக்காடுகூடக் காட்டாது. அந்தப் பகுதிதான் ஆய்வேட்டிலேயே ‘சொந்தப் பகுதி’ என்று பாராட்டும் வாங்கும். யாருடைய பெயர் விட்டுப்போகிறது என்று பாருங்கள். நீர்க்கட்டி, நாற்று நட்டவள், பீடி சுற்றியவள், தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கியவர். நிலமும் கிடைக்கவில்லை, எழுத்தும் கிடைக்கவில்லை, கடைசியில் அவர்கள் தலையில் இருந்ததையும் எடுத்துக்கொண்டு ‘கிராம மக்கள் கூறுகின்றனர்’ என்று முடித்துவிடுகிறோம். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்று கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். அதனால் என்ன? ஏரியைப் படித்தவர் அவர். உங்கள் கேள்விக்குப் பதில்: ஆமாம், கட்டாயம் காட்ட வேண்டும். மற்ற எந்தக் குறிப்பை மறந்தாலும் அதை மறக்காதீர்கள்.

அடிக்குறிப்பு நிறைந்தால் சொந்தச் சரக்கு இல்லை என்று நினைப்பார்களோ என்று பயப்படுகிறீர்கள். நச்சினார்க்கினியர் உரையைத் திறந்து பாருங்கள், பிறர் பாட்டு வராத பக்கம் அரிது. அவருக்குச் சொந்தச் சரக்கு இல்லை என்று சொல்ல யாருக்குத் துணிச்சல் உண்டு? தகடூர் யாத்திரை என்று ஒரு நூல் இருந்தது. முழுநூல் நமக்குக் கிடைக்கவில்லை. அவரைப் போன்ற உரைகாரர்களும் புறத்திரட்டு என்ற பழம்பாட்டுத் திரட்டைத் தொகுத்தவரும் இன்ன நூல் என்று எடுத்துக்காட்டியதால்தான் சில பாட்டுகளாவது மிஞ்சின. அவர்கள் அந்தப் பாட்டுகளைத் தங்கள் வரிகளாகக் கரைத்துக்கொண்டிருந்தால் அப்படி ஒரு நூல் இருந்ததே நமக்குத் தெரியாமல் போயிருக்கும்.

இரண்டாம் இயலை அப்படியே வைத்துக்கொண்டு ஒட்டுப் போடாதீர்கள். புதிதாக எழுதுங்கள். இனிமேல் குறிப்பேட்டில் எதை எழுதினாலும், புத்தகத்தின் சொல்லை எழுதினால் அப்போதே மேற்கோள் குறி போட்டுப் பக்க எண்ணையும் எழுதிவிடுங்கள். ஆறு மாதம் கழித்து அது யாருடைய வரி என்று உங்களுக்கே தெரியாது; பாதித் திருட்டு அந்தக் குழப்பத்தில்தான் நடக்கிறது.

நெல்லூர்ப்பேட்டைக்கு ஒரு நடை போய்வாருங்கள். பாட்டியிடம் உங்கள் பெயரைப் புத்தகத்தில் போடலாமா என்று கேளுங்கள். சிலர் வேண்டாம் என்பார்கள், ஊர்ப் பொல்லாப்பு வரும் என்பார்கள். அப்படிச் சொன்னால் பெயரை விட்டுவிட்டு, அவர் விருப்பப்படி பெயர் தவிர்க்கப்பட்டது என்று எழுதுங்கள். சரி என்றால் எப்படி எழுத வேண்டும் என்று அவரையே கேளுங்கள். யார் மகள், எந்தத் தெரு, என்ன வேலை செய்தார், எந்த நாளில் உங்களிடம் பேசினார், எல்லாம் குறிப்பில் வரட்டும். கைப்பேசியில் பதிவு செய்திருந்தால் வேறொரு இடத்திலும் நகல் எடுத்து வையுங்கள். அவர் சொன்னதை வைத்து நீங்கள் எழுதிய பக்கங்களைக் கையோடு கொண்டுபோய் அவருக்குப் படித்துக் காட்டுங்கள். தப்பு இருந்தால் திருத்துவார். அந்தத் திருத்தத்தையும் அவர் பெயரிலேயே, தேதியோடு போடுங்கள்.