கேள்வி–பதில்: சமன்பாட்டுக்கு வெளியே நிற்கும் பொருள்கள்

கேள்வி (மேல்நிலை வகுப்பு வேதியியல் ஆசிரியை): மோல் கணக்கையும் வேதிச் சமநிலையையும் நடத்தி முடிப்பதற்கே ஆண்டு போதவில்லை. இப்போது நிலைத்தன்மையையும், அதாவது வருங்காலத் தலைமுறைக்கும் வளங்கள் மிஞ்சும்படி வாழ்வதையும், வேதியியல் வகுப்பில் கற்பிக்க வேண்டும் என்று பயிற்சி வகுப்புகளில் சொல்கிறார்கள். சுற்றுச்சூழலுக்கெனத் தனிப்பாடம் இருக்கும்போது இது எதற்கு? எந்த இடத்தில் சேர்ப்பது?

பதில்: நேரமில்லை என்று நீங்கள் சொல்வது முற்றிலும் நியாயம். வேதியியல் கல்வியில் நிலைத்தன்மைக்கு இடம் தருவது எப்படி என்பதைப் பற்றி 2012-ஆம் ஆண்டு புர்மைஸ்டர், ரௌக், ஐல்க்ஸ் ஆகிய மூவரும் எழுதிய கட்டுரை நான்கு வழிகளைக் காட்டுகிறது. செய்முறைகளைப் பசுமை வேதியியலின், அதாவது கழிவையும் நச்சையும் குறைக்க முயலும் வேதியியலின், கொள்கைகளின்படி மாற்றுவது முதல் வழி; தொழில்துறை தன் செயல்முறைகளை எப்படித் திருத்திக்கொண்டது என்பதையே பாடப்பொருளாக்குவது இரண்டாவது; சமூகத்தில் கருத்து வேறுபாடுள்ள ஒரு சிக்கலை எடுத்து விவாதிப்பது மூன்றாவது; பள்ளியின் நடைமுறை முழுவதையும் மாற்றி, அந்த மாற்றத்தில் வேதியியலுக்கும் பங்கு தருவது நான்காவது. நான்காவது வழி ஒரு தனி ஆசிரியரின் கையில் இல்லை. இரண்டாவது வழியோ, நீங்கள் ஏற்கெனவே நடத்தும் மோல் கணக்குக்குள்ளேயே இருக்கிறது.

ஒரு வினையின் விளைச்சல் எத்தனை விழுக்காடு என்று கணக்கிடச் சொல்கிறோம். உள்ளே சென்ற அணுக்களில் எவ்வளவு பங்கு நமக்கு வேண்டிய பொருளில் வந்து சேர்ந்தது என்று நாம் பெரும்பாலும் கேட்பதில்லை. வேதியியலாளர் பேரி டிராஸ்ட் 1991-இல் முன்வைத்த அணுச் சிக்கனம் என்ற அளவுகோல் இந்தக் கேள்விக்கு விடை தருகிறது. குளுக்கோஸ் நொதித்து எத்தனாலாக மாறும் வினையை எடுத்துக்கொள்ளுங்கள். 180 கிராம் குளுக்கோஸிலிருந்து கிடைக்கும் எத்தனால் 92 கிராம். மீதி 88 கிராம் கார்பன் டை ஆக்சைடாக வெளியேறுகிறது. அணுச் சிக்கனம் 51 விழுக்காடுதான். ஈத்தீனோடு நீரைச் சேர்த்து எத்தனால் தயாரிக்கும்போது அது 100 விழுக்காடு.

கணக்கு முடிந்ததும், இரண்டில் எது சிறந்தது என்று கேளுங்கள். ஈத்தீன் முறைதான் என்று மாணவர்கள் உடனே சொல்வார்கள். ஈத்தீன் எங்கிருந்து வந்தது என்பது உங்கள் அடுத்த கேள்வியாக இருக்கட்டும். அது பெட்ரோலியத்திலிருந்தும் இயற்கை எரிவாயுவிலிருந்தும் கிடைக்கும் மூலக்கூறுகளை உயர் வெப்பநிலையில் உடைத்துப் பெறப்படுவது. குளுக்கோஸோ, தாவரம் காற்றிலிருந்த கார்பன் டை ஆக்சைடைக் கொண்டு செய்தது. அப்படியானால் நொதித்தல்தான் சிறந்தது என்று வகுப்பு மறுபக்கம் சாயும்போது, பயிருக்கு இட்ட உரம், பாய்ச்சிய நீர், விளைந்த நிலம், நீர்த்த கரைசலிலிருந்து எத்தனாலை வடித்தெடுக்கச் செலவான வெப்பம் ஆகியவற்றையும் கணக்கில் சேர்க்கச் சொல்லுங்கள். இதற்கெல்லாம் ஒரு பாடவேளைக்கு மேல் ஆகாது, மோல் கணக்கில் பயிற்சியும் குறைவதில்லை. எந்த ஒற்றை எண்ணும் முழுத் தீர்ப்பைத் தராது என்பதை மாணவர்கள் தாங்களே கணக்குப் போட்டு அறிகிறார்கள். இதைச் சுற்றுச்சூழல் பாடத்தால் செய்ய முடியாது. மோல் தெரிந்தவர்களால்தான் செய்ய முடியும்.

தொழில்துறை எடுத்துக்காட்டு வேண்டுமென்றால் இபுப்ரோஃபென் இருக்கிறது. 1960-களில் உருவான முறையில் அந்த வலிநிவாரணியை ஆறு படிகளில் தயாரித்தார்கள். அணுச் சிக்கனம் சுமார் 40 விழுக்காடு. 1990-களின் தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த மூன்று படி முறையில் அது 77 விழுக்காடாக உயர்ந்தது. துணை விளைபொருளான அசிட்டிக் அமிலத்தையும் மீட்டுப் பயன்படுத்தினால் ஏறத்தாழ 99. ஆனால் புதிய முறையின் முதல் படியில் வினைவேகமாற்றியாக ஹைட்ரஜன் ஃபுளோரைடு தேவைப்படுகிறது. அது மீட்கப்பட்டு மீண்டும் பயன்படுகிறது என்பது உண்மை. கசிந்தால் உயிரைப் பறிக்கும் என்பதும் உண்மை. பசுமை வேதியியலின் வெற்றிக் கதையாக இதைச் சொல்லும் பலர் இந்த இரண்டாவது உண்மையை விட்டுவிடுகிறார்கள். நீங்கள் விட்டுவிடாதீர்கள்.

கேள்வி (கல்வியியல் ஆய்வு மாணவர்): இத்துறை ஆய்வுகளில் 'அமைப்பு நோக்கு' என்ற சொல் திரும்பத் திரும்ப வருகிறது. வேதியியல் கற்பித்தலில் அதற்கு உறுதியான பொருள் உண்டா, அல்லது அது வெறும் முழக்கமா?

பதில்: பொருள் உண்டு: ஒரு வினையைத் தனியே பார்க்காமல், அது அடங்கியிருக்கும் பெரிய அமைப்போடு சேர்த்துப் பார்ப்பது. ஆனால் அது எங்கிருந்து கிளைத்தது என்று தெரியாமல் பயன்படுத்தினால் முழக்கமாகிவிடும். வேதியியலை மாணவர்கள் கண்ணால் காணும் நிகழ்வு, கண்ணுக்குத் தெரியாத துகள்கள், குறியீடுகள் என்ற மூன்று தளங்களில் ஒரே நேரத்தில் எதிர்கொள்ள வேண்டியிருப்பதால்தான் அது கடினமாகிறது என்று வேதியியல் கல்வி ஆய்வாளர் அலெக்ஸ் ஜான்ஸ்டன் 1980-களில் எடுத்துரைத்தார். அந்த மூன்று தளங்களையும் முனைகளாகக் கொண்ட முக்கோணத்தோடு மனிதர் என்ற நான்காவது முனையைச் சேர்த்து, அதே துறையைச் சேர்ந்த பீட்டர் மஹாஃபி அதை ஒரு நான்முகியாக்கினார். அந்த நான்காவது முனையிலிருந்து பார்க்கும்போது, ஒரு வினை எந்தப் பெரிய அமைப்பின் பகுதி என்ற கேள்வி தானாக எழுகிறது. 2019 டிசம்பரில் வேதியியல் கல்விக்கான முதன்மையான ஆய்விதழ்களில் ஒன்று அமைப்பு நோக்குக்கும் பசுமை வேதியியலுக்கும் தனிச் சிறப்பிதழ் வெளியிடும் அளவுக்கு இந்தச் சிந்தனை வளர்ந்தது.

அம்மோனியாவைக் கொண்டு இதை விளக்குகிறேன். ஜெர்மானிய வேதியியலாளர் ஃபிரிட்ஸ் ஹேபர் 1909-இல் ஆய்வகத்தில் செய்துகாட்டி, 1913-இல் தொழிற்சாலை அளவுக்கு வளர்ந்த அம்மோனியா தயாரிப்பு முறையைப் பாடநூல்கள் வெப்பநிலை, அழுத்தம், சமநிலை எந்தப் பக்கம் நகரும் என்று சொல்லும் லெ ஷாட்லியர் கொள்கை என்ற அளவில் முடித்துக்கொள்கின்றன. சமன்பாட்டில் நைட்ரஜனும் ஹைட்ரஜனும் அம்மோனியாவும் மட்டுமே உள்ளன. கார்பன் எங்கும் இல்லை. ஆனால் அந்த ஹைட்ரஜன் பெரும்பாலும் இயற்கை எரிவாயுவிலிருந்து வருகிறது. ஒரு மோல் மீத்தேனும் இரண்டு மோல் நீராவியும் நான்கு மோல் ஹைட்ரஜனையும் ஒரு மோல் கார்பன் டை ஆக்சைடையும் தருகின்றன என்று வைத்துக்கொண்டால், 34 கிராம் அம்மோனியாவுக்குத் தேவையான 6 கிராம் ஹைட்ரஜனோடு 33 கிராம் கார்பன் டை ஆக்சைடு பிறக்கிறது. உலையை எரிக்கும் எரிபொருளைச் சேர்க்காமலேயே, ஒரு டன் அம்மோனியாவுக்கு ஏறத்தாழ ஒரு டன்! மறுமுனையில், அம்மோனியா உரமாகி வயலுக்குச் சென்றபின், பயிர் எடுத்துக்கொள்ளாத நைட்ரஜன் நீர்நிலைகளில் பாசியைப் பெருக்குகிறது; அதன் ஒரு சிறு பகுதி, நூறாண்டுக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைவிட ஏறத்தாழ 270 மடங்கு வெப்பமூட்டும் நைட்ரஸ் ஆக்சைடாகிறது. அதே அம்மோனியா இல்லாவிட்டால் இன்றைய மக்கள்தொகையில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு உணவு இருக்காது. சமன்பாட்டைச் சுற்றிப் போட்ட எல்லைக்கோட்டை நகர்த்தி நகர்த்திக் கணக்கிடுவதுதான் அமைப்பு நோக்கு.

ஆய்வு மாணவர் என்பதால் ஓர் எச்சரிக்கையும் சொல்கிறேன். மூன்று தளங்களே மாணவரின் நினைவாற்றலுக்குப் பாரம் என்பது ஜான்ஸ்டனின் கவலை. அதன்மேல் உலகம் முழுவதையும் ஏற்றினால் என்ன ஆகும்? ஒரு பாடத்துக்கு எத்தனை இணைப்புகளைக் காட்டுவது, எந்த வயதில் தொடங்குவது, அந்தத் திறனை எப்படி மதிப்பிடுவது ஆகியவைதான் ஆய்வுக்கு உரிய கேள்விகள் என்பது என் கருத்து. வண்ண அம்புக்குறிகளால் நிரம்பிய வரைபடத்தை மாணவர் வரைந்துவிட்டார் என்பது புரிதலுக்குச் சான்றாகாது.

கேள்வி (ஒரு பெற்றோர்): ஓசோன் படலத்தில் ஓட்டை விழுந்ததால்தான் பூமி சூடாகிறது என்கிறாள் என் மகள். சரியா?

பதில்: இல்லை. பல நாட்டு மாணவர்களிடம் ஆய்வாளர்கள் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கண்டுவரும் தவறான கருத்து இது. ஓசோன் குறைந்தால் புற ஊதாக் கதிர்கள் கூடுதலாக உள்ளே வரும். பூமி சூடாவதோ, தரையிலிருந்து வெளியேறும் அகச்சிவப்புக் கதிர்களைக் கார்பன் டை ஆக்சைடு போன்ற வாயுக்கள் உறிஞ்சிக்கொள்வதால். உங்கள் மகளின் குழப்பத்துக்குக் காரணம் உண்டு: ஓசோனை அழித்த குளோரோஃபுளோரோ கார்பன்களும் வலிமையான பசுமை இல்ல வாயுக்களே. ஓசோனை அழிக்கும் பொருள்களைக் கைவிட நாடுகள் ஒப்புக்கொண்ட 1987-இன் மாண்ட்ரியல் உடன்படிக்கைக்குப் பிறகு அவற்றின் இடத்துக்கு வந்த ஹைட்ரோஃபுளோரோ கார்பன்கள் ஓசோனை அழிப்பதில்லை, ஆனால் பூமியைச் சூடாக்குகின்றன. அதனால் 2016-இல் ருவாண்டாவின் கிகாலி நகரில் அவற்றையும் குறைக்க உடன்பட்டார்கள். இந்த வரலாற்றை அவளிடம் சொல்லுங்கள். இரண்டும் வேறு வேறு என்பது விளங்கும்.

கேள்வி (ஆசிரியர் பயிற்சி மாணவி): இவற்றைக் கற்பதால் மாணவர்களின் பழக்கங்கள் மாறுகின்றனவா?

பதில்: அறிவு மட்டும் நடத்தையை மாற்றுவதில்லை, கோல்முஸ், அக்யெமன் இருவரும் 2002-இல் எழுதிய மீள்பார்வைக் கட்டுரை இதை விரிவாகக் காட்டியது. வசதி, வழக்கம், விலை, சுற்றியிருப்பவர்களின் போக்கு எல்லாம் குறுக்கே நிற்கின்றன. ஆகவே மாணவரின் பழக்கத்தைத் திருத்துவதை வேதியியல் வகுப்பின் அளவுகோலாக வைக்காதீர்கள். 'மக்கும்' என்று அச்சிட்ட பையைப் பார்த்தால் எந்த வெப்பநிலையில், எத்தனை நாளில், என்னவாக மக்கும் என்று கேட்கத் தெரிகிறதா என்று பாருங்கள். அதை உங்களால் கற்பிக்கவும் முடியும், தேர்வில் மதிப்பிடவும் முடியும்.

கேள்வி (ஆய்வக உதவியாளர்): புதிய கருவி வாங்காமல் எங்கள் ஆய்வகத்தில் எதைத் தொடங்கலாம்?

பதில்: சோதனைக் குழாய் வினைகள் பலவற்றை நெகிழித் தாளின் மேல் ஒவ்வொரு துளி கொண்டே செய்யலாம். குரோமியம், காரீயச் சேர்மங்கள் தேவைப்படும் செய்முறைகளுக்கு மாற்று உண்டா என்று ஆசிரியரோடு சேர்ந்து பாருங்கள். அடுத்ததாக, தயாரிப்புச் செய்முறைகளில் கிடைத்த பொருளோடு கழிவையும் எடைபோட வையுங்கள். வேதியியலாளர் ரோஜர் ஷெல்டன் 1992-இல் வெளியிட்ட கணக்குப்படி, ஒரு கிலோ பொருளுக்கு எத்தனை கிலோ கழிவு என்பதே சுற்றுச்சூழல் காரணி. பெருமளவில் தயாரிக்கப்படும் வேதிப்பொருள்களுக்கு அது ஐந்துக்குள் அடங்கும், மருந்துகளுக்கோ 25 முதல் 100-க்கு மேலும் போகும். அவர் தொடக்கத்தில் நீரைக் கழிவாகச் சேர்க்கவில்லை. மாணவர்கள் நீரைச் சேர்த்து ஒருமுறையும் சேர்க்காமல் ஒருமுறையும் கணக்கிட்டு, இரண்டு எண்களையும் பதிவேட்டில் அருகருகே எழுதட்டும்.