விடுதலையான பிறகும் பதிவு எதற்கு?

கேள்வி: சென்ற ஆண்டு கோயில் கொடையில் நடந்த கைகலப்பில் 19 வயதான என் மகனையும் பிடித்துப் போனார்கள். விரல் ரேகை, போட்டோ எல்லாம் எடுத்தார்கள். போன மாதம் நீதிமன்றம் அவனை விடுதலை செய்துவிட்டது. ஆனாலும் அந்தப் பதிவு 75 ஆண்டு இருக்கும், இனி டி.என்.ஏ.வும் எடுப்பார்கள் என்று ஒருவர் சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. என் கணவரோ, "நாட்டில் எல்லாருடைய டி.என்.ஏ.வையும் வாங்கி வைக்கட்டுமே, தப்பு செய்யாதவனுக்கு என்ன பயம்?" என்கிறார். யார் சொல்வது சரி?
- ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்: அன்புச் சகோதரி, உங்கள் கணவர் சொல்வதை நான் ஒரேயடியாகத் தள்ளமாட்டேன். பல வருடம் தப்பித்துத் திரிந்த ஒரு கொலைகாரன் துளி எச்சிலால் பிடிபட்டான் என்று படிக்கும்போது எனக்கும் மனம் ஆறுகிறது. ஆனால் டி.என்.ஏ. முதன்முதலில் ஒரு கொலை வழக்கில் பயன்பட்ட கதையை அவரிடம் சொல்லிப் பாருங்கள்.

இங்கிலாந்தில் லெஸ்டர் நகருக்குப் பக்கத்துக் கிராமங்களில் 1983-லும் 1986-லும் 15 வயதுச் சிறுமிகள் இருவர் கொல்லப்பட்டார்கள். இரண்டாவது கொலையைத் தான் செய்ததாக 17 வயதுப் பையன் ஒருவன் ஒப்புக்கொண்டுவிட்டான். லெஸ்டர் பல்கலைக்கழக விஞ்ஞானி அலெக் ஜெஃப்ரிஸ் சோதித்துப் பார்த்தார். இரண்டையும் செய்தது ஒரே ஆள், ஆனால் அது அந்தப் பையன் இல்லை! டி.என்.ஏ. முதலில் காப்பாற்றியது ஒரு நிரபராதியைத்தான். அப்புறம் சுற்றுவட்டார ஆண்கள் ஏறத்தாழ 5,000 பேரிடம் மாதிரி வாங்கினார்கள். கொலைகாரன் கூட வேலை செய்தவரைத் தன் பெயரில் ரத்தம் கொடுக்க அனுப்பிவிட்டுத் தப்பித்துக்கொண்டான். அந்த நண்பர் மதுக்கடையில் உளறியதைக் கேட்ட ஒரு பெண் போலீஸில் சொன்னதால்தான் 1987-ல் அகப்பட்டான். எல்லாரிடமும் வாங்கினால் யாரும் தப்ப முடியாது என்ற கணக்கு முதல் தடவையே பொய்த்தது.

1995-ல் பிரிட்டன் தேசிய டி.என்.ஏ. தகவல் தளத்தைத் தொடங்கியது. சில ஆண்டுகளில், விடுதலையானவர்களின் பதிவையும் வைத்துக்கொள்ளலாம் என்று சட்டத்தை மாற்றினார்கள். அதில் சிக்கியவர்களில் ஒருவன் கைதானபோது 11 வயதுப் பையன். விடுதலையான பிறகும் தன் பதிவை அழிக்க மறுத்ததால் அவன் தரப்பில் வழக்குத் தொடர்ந்தார்கள். அது ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போய், 2008 டிசம்பரில் நீதிபதிகள் அனைவரும் ஒருமனதாக அது தவறு என்று தீர்ப்பளித்தார்கள். 2012-ல் புதுச் சட்டம் வந்தது. 10 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பதிவுகள் அழிக்கப்பட்டன. இந்த முறையைக் கண்டுபிடித்த ஜெஃப்ரிஸே நிரபராதிகளின் பதிவை வைத்திருக்கக் கூடாது என்று வெளிப்படையாகப் பேசியவர். எனக்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்.

பயம் எதற்கு என்ற கேள்விக்கு வருகிறேன். 1999-ல் அதே நாட்டில், பார்க்கின்சன் நோய் முற்றி கார் ஓட்டக்கூட முடியாத ஒருவரை, சுமார் 200 மைல் தள்ளி நடந்த திருட்டுக்காகப் பிடித்தார்கள். காரணம், அவருடைய டி.என்.ஏ. பொருந்தியதாம். டி.என்.ஏ.வில் கூடுதல் இடங்களை ஒப்பிட்டுச் சோதித்த பிறகுதான் அது தற்செயல் என்று தெரிந்தது. அவரும் தப்பு செய்யாதவர்தான்.

இன்னொன்றையும் உங்கள் கணவர் யோசிக்க வேண்டும். மகனுடைய டி.என்.ஏ.வில் பாதி அவருடையது, பாதி உங்களுடையது. 2003-ல் பிரிட்டனில் பாலத்திலிருந்து செங்கல் எறிந்து ஒரு லாரி ஓட்டுநரைக் கொன்றவனை, தகவல் தளத்தில் இருந்த அவன் உறவினரின் பதிவை வைத்துத்தான் நெருங்கினார்கள். அந்த வழக்கில் நல்லதே நடந்தது. ஆனால் ஒருவரின் பதிவு குடும்பத்தையே உள்ளே இழுக்கிறது என்பதால்தான், யாருடையதை வைக்கலாம், எப்போது அழிக்க வேண்டும் என்பதை முதலிலேயே எழுதி வைக்கச் சொல்கிறேன். குற்றம் நிரூபணமானவரின் பதிவு இருக்கட்டும், விடுதலையானவருடையது அவர் கேட்காமலே அழிய வேண்டும்.

நம் நாட்டில் டி.என்.ஏ.வுக்கென்று 2019-ல் கொண்டுவந்த மசோதாவை 2023-ல் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். இப்போது இருப்பது 1920-ம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2022-ல் வந்த குற்றவியல் நடைமுறை (அடையாளம் காணுதல்) சட்டம். தேசிய குற்ற ஆவணக் காப்பகம் பதிவுகளை 75 ஆண்டு வைத்திருக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் முன்பு தண்டனை பெறாத ஒருவர் விடுதலையாகி, மேல்முறையீடெல்லாம் முடிந்துவிட்டால், நீதிமன்றம் காரணம் எழுதி வேறு உத்தரவு போட்டாலொழிய, பதிவை அழிக்க வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. ரத்தம், எச்சில் போன்ற மாதிரிகளைப் பொறுத்தவரை, பெண்கள், குழந்தைகளுக்கு எதிரான குற்றமோ 7 ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றமோ இல்லையென்றால், கைதானவர் கொடுக்க மறுக்கலாம். மாஜிஸ்திரேட் உத்தரவிட்டால் கதை வேறு. விரல் ரேகைக்கு இந்தச் சலுகை இல்லை.

அதனால் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாமல், உங்கள் வக்கீலைப் பாருங்கள். அரசுத் தரப்பு மேல்முறையீடு செய்திருக்கிறதா, அதற்கான கெடு முடிந்துவிட்டதா என்று கேளுங்கள். முடிந்திருந்தால் தீர்ப்பின் சான்றிட்ட நகலை இணைத்து, பதிவை அழிக்கக் கோரி இதற்கென நியமிக்கப்பட்ட நோடல் அதிகாரிக்கு மகன் பெயரில் விண்ணப்பம் எழுதி, பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். தபால் நிலையத்துக்கு உங்கள் கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.