ஊசி நின்ற பிறகும் சோர்வு திரும்புமா?

என் கணவருக்கு 2013-ல் ஹெபடைட்டிஸ் சி என்ற கல்லீரல் வைரஸ் நோய்க்காக 48 வாரம் இன்டர்ஃபெரான் ஊசி போட்டார்கள், கூடவே ரிபாவிரின் மாத்திரை. மூன்றாம் மாதம் தூக்கம் போனது. யாரைப் பார்த்தாலும் எரிந்து விழுந்தார். மனநல மருத்துவரின் மாத்திரையில் தேறினார், வைரஸும் போய்விட்டது. இப்போது மூன்று வாரமாக மறுபடி அதே முகம். இலை எடை போடும் இடத்துக்குக்கூடப் போவதில்லை. பழைய ஊசி இன்னும் உடம்பில் இருக்கிறதா?
— வாசகி, கோத்தகிரி

ஊசி மருந்து சில வாரங்களிலேயே உடம்பை விட்டுப் போயிருக்கும். ஆனால் அன்று வந்தது வெறும் பக்கவிளைவு என்று கணக்கை முடித்துவிட முடியாது. இன்டர்ஃபெரான் உடலில் அழற்சியைத் தூண்டும். மனநிலையைச் சீராக வைக்கும் செரடோனின் தயாராக வேண்டிய மூலப்பொருளான டிரிப்டோஃபேன் அப்போது வேறு பாதைக்குத் திருப்பப்படுகிறது. முதல் 12 வாரத்துக்குள் பலருக்கு மனச்சோர்வு வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஊசி நின்றதும் பெரும்பாலோர் தேறிவிடுகிறார்கள். ஆனாலும் அப்படித் தேறியவர்களுக்குப் பின்னாளில் சோர்வு திரும்பும் வாய்ப்பு, சிகிச்சையின்போது சோர்வே வராதவர்களைவிடக் கூடுதல் என்று 2017-ல் வெளியான தைவான் ஆய்வு காட்டியது. ஆகவே எந்த மருத்துவரிடம் போனாலும் "ஊசியால் கொஞ்சம் சோர்வு இருந்தது" என்று சொல்லாதீர்கள். "ஏற்கெனவே ஒருமுறை டிப்ரஷன் வந்தது, இந்த மாத்திரை கேட்டது" என்று சொல்லுங்கள். பழைய சீட்டு இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள்.

அதற்காக இப்போதைய சோர்வு முழுவதையும் மனதின் மேல் போடவும் வேண்டாம். முதலில் டி.எஸ்.ஹெச். என்ற தைராய்டு இரத்தச் சோதனை பாருங்கள். இன்டர்ஃபெரான் தைராய்டைத் தாக்கும், சிலருக்கு அந்தக் குறை நிரந்தரமாகவே தங்கிவிடும். மலையில் இருக்கும் நமக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு: குளிர் தாங்கவில்லை, உடம்பு கனக்கிறது, எழவே மனமில்லை என்றால் மூடுபனியின் மேல் பழியைப் போட்டுவிடுவோம். தைராய்டு குறைந்தாலும் இதே புகார்தான். ஹீமோகுளோபின், பி12, சர்க்கரை, கல்லீரல் சோதனைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வைரஸ் திரும்பியதா என்ற சந்தேகம் இருந்தால் வைரஸையே தேடும் ஆர்.என்.ஏ. சோதனைதான் சொல்லும். வைரஸை எதிர்க்க உடல் உண்டாக்கியதைப் பார்க்கும் ஆன்டிபாடி சோதனை குணமானவருக்கும் பெரும்பாலும் பாசிட்டிவ் என்றே காட்டும், அதைப் பார்த்துப் பதற வேண்டாம். ஒருவேளை வைரஸ் இருந்தாலும் மறுபடி ஊசிக்குப் போக வேண்டியதில்லை. சோஃபோஸ்புவிர், வெல்படாஸ்விர் சேர்ந்த மாத்திரை தினம் ஒன்று, வழக்கமாக 12 வாரம். தேசிய வைரல் ஹெபடைட்டிஸ் திட்டத்தில் இலவசம்.

சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறிச் சுருங்கும் நோய்) உள்ளவராக இருந்து, பகலில் தூங்கி இரவில் விழிக்கிறார், பேச்சு குழறுகிறது, நீட்டிய கை படபடவென்று ஆடுகிறது என்றால் அது மனச்சோர்வு அல்ல. கல்லீரல் கழிக்காமல் விட்ட நஞ்சு மூளைக்கு ஏறுகிறது. அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

இவை எல்லாம் சரியாக இருந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் ஆர்வமின்மையும் தூக்கக்கேடும் நீடித்தாலே போதும், காத்திருக்க வேண்டியதில்லை. பி.ஹெச்.க்யூ-9 என்ற ஒன்பது கேள்விப் படிவத்தில் 27-க்கு 10 அல்லது அதற்கு மேல் வந்தால் கட்டாயம் பார்க்க வேண்டும். மொத்தம் எவ்வளவு குறைவாக இருந்தாலும், சாவு பற்றிய ஒன்பதாம் கேள்விக்கு "ஆம்" என்றால் அன்றே. தோட்டத்துக்கு வாங்கிய பூச்சிமருந்து வீட்டில் இருந்தால் வேறு இடத்தில் பூட்டிவையுங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் இரவிலும் தமிழில் பேசலாம்.

மனச்சோர்வு மாத்திரை வேலை செய்ய 2 முதல் 4 வாரம் ஆகும். இது இரண்டாவது தடவை என்பதால், குணம் தெரிந்த பிறகும் முதல் தடவையைவிட அதிக காலம் தொடரச் சொல்வார்கள். கல்லீரல் பழுதாகியிருந்தால் எஸ்சிடலோபிராம் என்ற மனச்சோர்வு மாத்திரையின் அளவு நாளுக்கு 10 மில்லிகிராமைத் தாண்டாது. இந்த வகை மாத்திரையோடு டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரை சேர்ந்தால் இரத்தக் கசிவு ஆபத்து கூடும். முதுகு வலி என்று கடையில் கேட்டு வாங்கித் தராதீர்கள்.

தம்பிக்கு ஹெபடைட்டிஸ் பி. 48 வார இன்டர்ஃபெரான் ஊசியா, தினசரி மாத்திரையா என்று கேட்கிறார்கள். அவனுக்குக் கல்லூரி நாளில் மனச்சோர்வு வந்ததுண்டு.
— வாசகர், கொடைக்கானல்

எங்கள் சாய்வு மாத்திரை பக்கம்தான். டெனோஃபோவிர் அல்லது என்டெகாவிர் மனநிலையைப் பெரிதாகத் தொடுவதில்லை. ஆனால் நீண்ட காலம் தொடர வேண்டும், இடையில் தானாக நிறுத்தினால் கல்லீரல் அழற்சி சீறி எழும். ஊசிதான் என்று முடிவானால், முதல் ஊசிக்கு முன்பே மனநல மருத்துவர் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். முதல் மூன்று மாதம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மனநிலையைக் கேட்டுக் குறித்துவையுங்கள். அழுகையை மட்டும் எதிர்பார்க்காதீர்கள். எரிச்சலும் தூக்கமின்மையும்தான் பலரிடம் முதலில் தெரியும். தூக்கமே இல்லாமல் அளவுக்கு மீறிய உற்சாகம் வந்தாலும் சொல்லிவிடுங்கள், அதற்கு மருந்து வேறு.

மலைப்பாதை மூடியதால் எஸ்சிடலோபிராம் நான்கு நாள் கிடைக்கவில்லை. தலைக்குள் கரண்ட் அடிப்பதுபோல் இருக்கிறது. அடிமையாகிவிட்டேனா?
— வாசகர், குன்னூர்

இல்லை. சட்டென்று நிறுத்தினால் இந்த மருந்து இப்படித்தான் செய்யும். மருத்துவரிடம் போனில் சொல்லிவிட்டு வழக்கமான அளவையே தொடருங்கள், விட்டதற்கு ஈடாக இரண்டாகப் போடாதீர்கள். நிறுத்துவதென்றால் வாரக்கணக்கில் படிப்படியாகக் குறைக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் மண் சரியும் என்பது தெரிந்ததுதானே, புரட்டாசியிலேயே 15 நாள் மாத்திரையைக் கூடுதலாக எழுதி வாங்கிவையுங்கள்.