மகனோடு கண்டீரவா மைதானத்துக்கு: வேலூரிலிருந்து செல்லும் வழி

வணக்கம். பன்னிரண்டு வயது மகனுடன் சத்துவாச்சாரியிலிருந்து பெங்களூரு சென்று, அங்குள்ள கண்டீரவா மைதானத்தில் பெங்களூரு அணிக்கு எதிரான சென்னையின் எஃப்சி கால்பந்து அணியின் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு அன்றிரவே திரும்ப முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். முடியும். அவசியம் அழைத்துச் செல்லுங்கள்.

காலையில் காட்பாடியில் பிருந்தாவன் எக்ஸ்பிரஸ் ஏறினால் பிற்பகலில் பெங்களூரு. லால்பாக் எக்ஸ்பிரஸ் வேண்டாம், அது போய்ச் சேர்வதற்குள் ஆட்டம் முடியும் நேரம் வந்துவிடும். ரயில் நிலையத்தை ஒட்டிய மெஜஸ்டிக்கில் ஊதா வழித்தட மெட்ரோ பிடித்து, மைதானத்துக்கு அருகிலுள்ள கப்பன் பார்க்கில் இறங்குங்கள். பூங்காவில் பையன் சற்று ஓடியாடட்டும்.

டிக்கெட்டில்தான் கவனம் வேண்டும். மேற்குப் பக்கம் எடுத்துவிடாதீர்கள். பெங்களூரு அணியின் தீவிர ரசிகர்கள் கூடும் இடம் அது. விருந்தினர் அணி ரசிகர்களுக்கென ஒதுக்கிய பகுதி எது என்று கேட்டு, அங்கேயே எடுங்கள். இரு அணிக்கும் நீலச் சட்டைதான், ஆனாலும் சின்னத்தைப் பார்த்தவுடன் கண்டுபிடித்துவிடுவார்கள். 2018 மார்ச் 17 அன்று இதே மைதானத்தில் நடந்த இந்தியன் சூப்பர் லீக் இறுதிப்போட்டியில் அவர்களை 3-2 என்று வென்று நாம் கோப்பையைத் தூக்கியதை அவர்கள் மறக்கவில்லை! மகனுக்கு அந்தக் கதையை ரயிலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஆட்டம் ஏழரைக்கு என்றால் ஒன்பதரை வாக்கில் முடியும். இரவு பத்தரைக்கு மேல் புறப்படும் சென்னை மெயிலில் படுக்கை வசதியை இப்போதே முன்பதிவு செய்யுங்கள். காட்பாடி வரும்போது நள்ளிரவு தாண்டியிருக்கும், அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். காலையில் உங்கள் வண்டியைக் காட்பாடி நிலைய நிறுத்துமிடத்தில் விட்டுச் சென்றால் வீடு திரும்ப ஆட்டோ தேட வேண்டியதில்லை.