மூழ்கிய கப்பல் வீடியோ: நாலாம் வகுப்புக்கு எதைக் காட்டலாம்?

வேளச்சேரியிலிருந்து ஒரு ஆசிரியை கேட்டிருக்கிறார்: கடலடியில் கண்டுபிடித்த கப்பல்களைப் பற்றி நாலாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கணும், யூடியூபில் தேடினால் எக்கச்சக்கமாக வருகிறது, பாதி பயமுறுத்துகிறது, எதை நம்பிக் காட்டுவது?

கப்பல் மூழ்குவதைக் காட்டும் வீடியோ வேறு, மூழ்கிய கப்பலைத் தேடிக் கண்டுபிடிப்பதைக் காட்டுவது வேறு. தேடினால் முதலில் வந்து விழுவதெல்லாம் பெரும்பாலும் முதல் ரகம்தான், அலறலும் சோக இசையுமாக. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அது வேண்டவே வேண்டாம். அவ்வளவு பெரிய கடலில் எங்கே தேடுவது என்று எப்படி முடிவு செய்தார்கள்? வீடியோ இதைச் சொல்கிறதா என்று பாருங்கள், சொல்லவில்லை என்றால் தள்ளிவிடுங்கள். 1912-ல் மூழ்கிய டைட்டானிக்கை 1985-ல் ராபர்ட் பல்லார்ட், ழான் லூயி மிஷேல் குழு கண்டுபிடித்தது, கப்பலையே குறிவைத்துத் தேடி அல்ல. உடைந்த கப்பலிலிருந்து சிதறிய பொருட்கள் கடல் தரையில் நீளமாகப் பரவிக் கிடக்கும் என்று கணக்குப் போட்டு, கேமரா பொருத்திய ஒரு கருவியைக் கயிற்றில் கட்டி இழுத்துப் போனார்கள், முதலில் கண்ணில் பட்டது ஒரு கொதிகலன். பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருகிற இடம் இதுதான்.

அப்புறம், படம் நிஜமா என்று பாருங்கள். டைட்டானிக் கிடப்பது சுமார் 3,800 மீட்டர் ஆழத்தில். ஆயிரம் மீட்டருக்குக் கீழே சூரிய வெளிச்சம் துளிகூட இறங்காது. அதனால் நிஜக் காட்சியில் விளக்கு விழுந்த வட்டம் மட்டும்தான் தெரியும், குறுக்கே தூசி மாதிரி துகள்கள் மிதக்கும். முழுக் கப்பலும் நீல வெளிச்சத்தில் பளிச்சென்று தெரிந்தால் அது கணினியில் செய்த படம். அப்படிச் செய்ததைக் காட்டக் கூடாது என்றில்லை, வரைந்தது என்று வீடியோவே சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நீங்கள் சொல்லுங்கள்.

எதில் தொடங்கலாம் என்றால், நான் எண்டூரன்ஸைத்தான் சொல்வேன். துருவப் பயணி ஷாக்கிள்டனின் கப்பல், 1915-ல் அண்டார்டிகாவின் வெடல் கடலில் பனி நெருக்கி உடைத்து மூழ்கியது, ஆனால் அதில் போன 28 பேரும் உயிர் பிழைத்தார்கள், ஆகவே சாவைப் பற்றிப் பேசாமலே கதையைச் சொல்லி முடிக்கலாம். 2022-ல் சுமார் 3,000 மீட்டர் ஆழத்தில், கேப்டன் வொர்ஸ்லி குறித்து வைத்த இடத்துக்குச் சில மைல் தெற்கே கிடைத்தது. பின்பக்கத்தில் பெயர் எழுத்து எழுத்தாகத் தெரியும் காட்சி வரும், அங்கே நிறுத்துங்கள். நூறு வருஷத்துக்கு மேல் மரம் எப்படி மக்காமல் இருந்தது என்று கேளுங்கள். மரத்தைத் துளைக்கும் கடல் புழு அந்தக் குளிர்க் கடலில் இல்லை. மீனவர் வீட்டுப் பிள்ளை யாராவது வகுப்பில் இருந்தால் அந்தப் புழுவைப் பற்றி அவர்களே சொல்லக்கூடும்.

புதையல், தங்கம் என்று தலைப்பில் கத்தும் வீடியோக்கள் வேண்டாம். ஒரு பொருளை எடுக்கும் முன் அது கிடந்த இடத்தை அளந்து, படம் எடுத்துக் குறிப்பதைக் காட்டுவதுதான் தொல்லியல்.

நம்ம ஊர் உதாரணமும் சேருங்கள். பூம்புகார் கடலில் தேசியக் கடலியல் நிறுவனம் ஆராய்ந்த ஒரு கப்பலில் ஈயக் கட்டிகள் கிடைத்தன, அவற்றில் 1791, 1792 என்று ஆண்டு பொறித்திருந்தது. கப்பல் எந்தக் காலத்தது என்று அதைவைத்துப் பிள்ளைகளே ஊகிக்கட்டும், 1791-க்கு முன்னால் மூழ்கியிருக்க முடியுமா என்று மட்டும் கேளுங்கள்.

ஆங்கில வர்ணனை வேகமாக இருந்தால் சத்தத்தை நிறுத்திவிட்டு நீங்களே தமிழில் சொல்லுங்கள், ஐந்தாறு நிமிடம் போதும். முழுசாக ஒரு தடவை வீட்டிலேயே பார்த்துவிடுங்கள், வகுப்பில் போடும்போது ஆட்டோபிளேயை அணைத்து வையுங்கள். அடுத்து தானாக ஓடுவது அந்த அலறல் வீடியோவாக இருக்கலாம்.