கைப்பேசி இருக்கும்போது தோராயக் கணக்கு எதற்கு?

கேள்வி: ஐந்தாம் வகுப்பில் படிக்கும் என் மகளுக்கு எண்களை அருகிலுள்ள பத்துக்கும் நூறுக்கும் முழுமைப்படுத்தக் கற்றுத் தருகிறார்கள். கைப்பேசியே துல்லியமாகக் கணக்கிடும் காலத்தில் இது தேவைதானா?

பதில்: அவசியம் தேவை. கைப்பேசி, நாம் தட்டிய எண்ணுக்குத்தான் விடை தரும். தட்ட நினைத்த எண்ணுக்கு அல்ல. 398 ரூபாய் விலையுள்ள 52 புத்தகங்களுக்கு, 400-ஐ 50-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 20,000 ரூபாய் ஆகும் என்று மனக்கணக்காகவே தெரிந்துவிடும். திரையில் 2,06,960 என்று வந்தால், எங்கோ ஒரு பூஜ்யம் கூடுதலாக விழுந்திருக்கிறது என்பதை உங்கள் மகள் உடனே கண்டுகொள்வாள். சரியான விடை 20,696.

எப்போது முழுமைப்படுத்துவது என்பதும் இப்பாடத்தின் முக்கியமான பகுதி. பல வீடுகளில் இதைக் கவனிப்பதே இல்லை. 1,449-க்கு அருகிலுள்ள நூறு 1,400. ஆனால் முதலில் 1,450 என்றும், பிறகு 1,500 என்றும் படிப்படியாக மாற்றினால் விடை தவறிவிடும். கனடாவின் வான்கூவர் பங்குச் சந்தை, 1982-இல் 1,000 புள்ளிகளுடன் தொடங்கிய தன் குறியீட்டெண்ணை ஒவ்வொரு முறை கணக்கிட்டபோதும், மூன்றாம் தசம இடத்துக்குப் பிறகு வந்த இலக்கங்களை முழுமைப்படுத்தாமல் வெட்டிவிட்டதால், 1983 நவம்பரில் அது சுமார் 525 என்று காட்டியது. பிழையைத் திருத்தியபோது உண்மையான மதிப்பு ஏறத்தாழ 1,099 என்று தெரியவந்தது.

மளிகைக் கடையில் ரசீது கைக்கு வருவதற்கு முன், மொத்தம் எவ்வளவு ஆகும் என்று மகளிடம் கேட்டுப் பாருங்கள்.